கிரில்லில் புகையூட்டிய பழ இனிப்பு: புகை பழத்துக்கா, வெண்ணெய்க்கா?

மாலைச்சமையல்:

வணக்கம். வார இறுதியில் வீட்டில் எட்டுப் பேருக்கு விருந்து. முதன்மை உணவு கரி கிரில்லில்தான். அது முடிந்த பிறகும் தணல் வெகுநேரம் உயிரோடு இருக்கும். அதை வீணாக்காமல் பழம் வைத்து ஓர் இனிப்புச் செய்ய ஆசை. மாவு பிசைவது, முட்டை அடிப்பது எதுவும் வேண்டாம். புகை வாசம் தெரிய வேண்டும்; ஆனால் அணைந்த விறகடுப்பை நக்கியது போல இருக்கக் கூடாது.

என்னிடம் இருப்பது மூடியுள்ள உருண்டைக் கிரில். மேலும் கீழும் காற்றுத்துளைகள் உண்டு. பேரிக்காயா, அன்னாசியா, பீச்சா? எந்த மரம்? எவ்வளவு நேரம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தணல்காரன்:

பேரிக்காய். யோசிக்கவே வேண்டாம்.

பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. பழத்தைத் தணலுக்கு நேர் மேலே வைத்துக் கோடு விழச் சுடுவது ஒரு வேலை. புகையூட்டுவது வேறு வேலை. முதலாவதற்குக் கடும் வெப்பமும் சில நிமிடங்களும் போதும்; அதற்குள் புகை ஒட்டாது. இரண்டாவதற்கு மிதமான வெப்பமும் மூடியும் பொறுமையும் தேவை. இரண்டும் வேண்டுமானால் முதலில் புகை, கடைசியில் சூடு. மாற்றிச் செய்தால் வெளியே சர்க்கரை கருகி உலர்ந்துவிடும், உலர்ந்த பரப்பில் புகை தங்காது.

செய்முறை இதுதான். எட்டுப் பேருக்கு எட்டுப் பேரிக்காய். ஆளுக்கு இரண்டு பாதி. காம்பு ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் இலேசாக அமுங்க வேண்டும். அதைவிடக் கனிந்தது இடுக்கியில் உடையும். தோலை எடுக்காதீர்கள், அதுதான் உருவைக் காக்கும். நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியைச் சிறு கரண்டியால் குடைந்து எடுத்து, வெட்டிய முகத்தில் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். பழுப்புச் சர்க்கரை, பாதிக்கு ஒரு தேக்கரண்டி. ஒரு சிட்டிகை உப்பு. பத்து நிமிடம் அப்படியே விட்டால் சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுத்து மேலே பளபளப்பாகப் பாகு படரும். அந்த ஈரத்தில்தான் புகை ஒட்டும்.

தணலை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். மறுபக்கம் எவர்சில்வர் தட்டில் பழங்கள், வெட்டிய முகம் மேலே பார்த்திருக்க வேண்டும். தணல்மேல் கைப்பிடி அளவு ஆப்பிள் மரத்துண்டு ஒன்று, ஒன்றே ஒன்று. மூடியின் காற்றுத்துளை பழங்களுக்கு மேலே வரும்படி மூடினால் புகை பழத்தைக் கடந்துதான் வெளியேறும். 110 முதல் 130 டிகிரி செல்சியஸ், நாற்பது நிமிடம். கத்தி முனை சிரமமின்றி இறங்கினால் வெந்துவிட்டது. பிறகு தணலுக்கு மேலே, வெட்டிய முகம் கீழே பார்க்க, ஒரு நிமிடம். எடுத்துவிடுங்கள்.

ரசாயனப் பித்தன்:

தணல்காரன் சொன்ன செய்முறையில் குறை ஏதுமில்லை. ஆனால் புகையைத் தவறான பொருளுக்கு ஊட்டுகிறோமோ என்று எனக்கு எப்போதும் ஓர் ஐயம்.

மரம் என்பது பெரும்பாலும் மூன்று பொருள்கள்: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் வெப்பத்தில் உடையும்போது கேரமலை நினைவூட்டும் இனிய மணங்கள் வருகின்றன. புகைக்குப் புகை மணம் தருவது லிக்னின். அது சிதைந்து குவாயகால், சிரிங்கால் என்ற ஃபீனால் வகைச் சேர்மங்களைத் தருகிறது. இவை நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. பழத்தில் கொழுப்பு அநேகமாக இல்லை. ஆகவே பழத்தில் புகை மேல்தோலோடு நின்றுவிடும். வெண்ணெயிலோ கிரீமிலோ அது முழுவதும் கலந்து, வாயில் மெல்ல மெல்ல வெளிப்படும்.

என் யோசனை: பழத்தைக் கடும் தணலில் சுட்டு நிறமேற்றுங்கள். புகையை வெண்ணெய்க்குக் கொடுங்கள். அகலமான தட்டில் நூறு கிராம் வெண்ணெய், தணல் இல்லாத பக்கம், மூடி போட்டு இருபது நிமிடம். உருகிய வெண்ணெயின் பரப்பு அகலமாக இருப்பதால் புகையை நன்றாக உறிஞ்சும். அதில் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து பழத்தின்மேல் ஊற்றினால் வேலை முடிந்தது.

கூடவே ஒன்று. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினால், வனிலாவின் வனிலின் இரண்டும் குவாயகாலின் நெருங்கிய உறவினர்கள். மூலக்கூறின் அடிப்படைச் சட்டகம் ஒன்றே. புகையோடு இவ்விரண்டும் இயல்பாகப் பொருந்துவதில் வியப்பில்லை. இரண்டு கிராம்பைப் பொடித்து வெண்ணெயில் போட்டுப் பாருங்கள், புகை கூடுதலாகத் தெரியும்.

தணல்காரன்:

வேதியியல் சரி. சமையல்தான் இடிக்கிறது.

கொழுப்பில் கரையும் என்பதால் ஈரத்தில் ஒட்டாது என்று யார் சொன்னது? புகை குளிர்ந்த, ஈரமான பரப்பைக் கண்டால் அங்கே படியும். பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்து வைத்தால், அது சூடேறும்வரை புகையை வாங்கிக்கொண்டே இருக்கும். அதற்குமேல் ஒட்டும் அளவு குறைகிறது. முதல் இருபது நிமிடம்தான் புகைக்கு. மிச்ச நேரம் வேகுவதற்கு. அதனால்தான் ஒரே மரத்துண்டு என்றேன்.

வெண்ணெய்க்கு மட்டும் புகையூட்டினால் எந்தப் பழத்தின்மேல் ஊற்றினாலும் ஒரே சுவைதான் வரும். பழத்தின் சொந்தச் சாறு புகையோடு சேர்ந்து தட்டில் இறங்கிப் பாகாகுமே, அது உங்கள் முறையில் எங்கே?

ஏலக்காய்:

இருவரும் சண்டையைச் சற்று நிறுத்துங்கள். அதே கம்பித்தட்டில் சற்றுமுன் மீனும் இறைச்சியும் வெந்திருக்கும். அதன்மேல் பேரிக்காயா? என் விருந்தினரில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

இன்னொரு கேள்வி, எங்களிடம் இருப்பது கேஸ் கிரில். எங்களுக்கு வழி உண்டா, இல்லையா?

பொறுமைசாலி:

ஏலக்காய் அவர்களே, முதல் கேள்விக்கு: முதன்மை உணவு முடிந்ததும் மூடியைப் போட்டுப் பத்து நிமிடம் நன்றாகச் சூடேற்றி, கம்பித்தட்டைத் தேய்த்துவிடுங்கள். ஒட்டியிருந்த கொழுப்பு எரிந்து உதிரும். கம்பித் தூரிகையைவிடக் கசக்கிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்துத் தேய்ப்பது எனக்குப் பிடிக்கும். தூரிகையின் கம்பி உதிர்ந்து உணவில் சேரும் அபாயம் இல்லை. கடைசி ஒரு நிமிடம் தவிர பழம் எப்படியும் தட்டில்தான் இருக்கப்போகிறது. சைவ உணவு மட்டும் உண்பவர்கள் வந்தால் இதுவெல்லாம் போதாது. அவர்களுக்கான பழத்தை முதலில் புகையூட்டி எடுத்துவைத்துவிட்டுப் பிறகு இறைச்சியைத் தொடங்குவதுதான் மரியாதை. இந்த இனிப்பு ஆறினாலும் கெடாது, அதனால் வரிசையை மாற்றுவதில் நட்டமில்லை.

கேஸ் கிரில்லுக்கு: இரண்டு கைப்பிடி உலர்ந்த மரச்சில்லுகளை அலுமினியத் தாளில் தட்டையாகப் பொட்டலம் கட்டி, மேலே நாலைந்து துளைகள் போடுங்கள். ஒரு பக்கத்துப் பர்னருக்கு நேர் மேலே பொட்டலம், மறுபக்கத்துப் பர்னரை அணைத்துவிட்டு அங்கே பழம். புகை வரத் தொடங்கிய பிறகே பழத்தை உள்ளே வையுங்கள்.

சில்லுகளை நீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். மரம் அவ்வளவு சீக்கிரம் நீரை உள்ளே வாங்காது. மேலோட்டமாக நனைந்த நீர் ஆவியாகும்வரை புகை வராது, அவ்வளவுதான் பயன். ஆவி பறப்பதைப் புகை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர்.

ஏலக்காய்:

வரிசையை மாற்றும் யோசனை அருமை. எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

புதிய கரி:

இந்த இழையைப் பார்த்ததும் சேர்ந்துகொள்கிறேன். பக்கத்து வீட்டில் புகையூட்டிய அன்னாசி கொடுத்தார்கள். முதல் கடி நன்றாக இருந்தது. பிறகு நாக்கில் ஒரு கசப்பு, இலேசான மரமரப்பு, இரவு உணவு வரைக்கும் போகவில்லை. அன்னாசிக்கே அப்படியா, புகையாலா?

தணல்காரன்:

புகையால். அன்னாசியும் நாக்கை அரிக்கும், ஆனால் அது வேறு விதம். அதைப் பித்தன் விளக்கட்டும்.

அடர்ந்த வெள்ளைப் புகை மூடியின் விளிம்பெல்லாம் பிதுங்கி வருவதைப் பார்த்தால் பலருக்கும் மகிழ்ச்சி. எனக்கு எரிச்சல். காற்று போதாமல் மரம் மூச்சுத் திணறுகிறது என்பதற்கு அது அடையாளம். அரைகுறையாக எரிந்த தாரும் கரியும் பழத்தில் படிந்து கசக்கும். நல்ல புகை கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. வெயிலில் பார்த்தால் மெல்லிய நீலம், மூக்கை நீட்டினால் இனிய வாசம்.

மேல் காற்றுத்துளையை ஒருபோதும் முழுவதும் மூடாதீர்கள். வெப்பத்தைக் குறைக்க வேண்டுமானால் கீழ்த்துளையைப் பாதி மூடுங்கள். மரத்துண்டு வைத்த உடனே பழத்தை வைக்காமல், வெள்ளைப் புகை அடங்கும்வரை ஐந்து பத்து நிமிடம் காத்திருங்கள். எரிதிரவம் ஊற்றிக் கரியைப் பற்றவைத்திருந்தால் கதை முடிந்தது. இறைச்சி அந்த நாற்றத்தை ஓரளவு மறைக்கும், பழம் மறைக்காது. தகர உருளையில் கரியை நிரப்பி, அடியில் காகிதம் வைத்துப் பற்றவைப்பதே போதும். கரி முழுவதும் சாம்பல் பூத்த பிறகே மற்றதெல்லாம்.

ரசாயனப் பித்தன்:

அன்னாசி பற்றி: அதில் புரோமலெய்ன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை உடைப்பது அதன் தொழில். வேகவைக்காத அன்னாசி நாக்கை அரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெலட்டின் உறையாமல் போவதும், கிரீமோடு கலந்து வைத்தால் சிறிது நேரத்தில் கசப்பேறுவதும் இதனால்தான். வெப்பத்தில் அது செயலிழந்துவிடும். துண்டின் நடுப்பகுதி 80 டிகிரியைத் தொட்டு அங்கே சில நிமிடம் நின்றால் கவலையில்லை. தணலில் இரண்டு நிமிடம் கோடு போட்டு எடுத்த அன்னாசியின் நடுவில் அந்த வெப்பம் எட்டாது. ஐஸ்கிரீமோடு பரிமாறுவதென்றால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். தணல்காரன் முறையில் நாற்பது நிமிடம் வைத்தால் பிரச்சினையே இல்லை. பாருங்கள், அவருக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

மாலைச்சமையல்:

இவ்வளவு பதில்களுக்கு நன்றி. ஆப்பிள் மரம் கிடைக்காவிட்டால்? தோட்டத்தில் வெட்டிப்போட்ட கிளைகள் நிறையக் கிடக்கின்றன, கொய்யாவும் மாவும் உண்டு. வேலி ஓரத்தில் அரளியும் வெட்டினோம். எதையெல்லாம் போடலாம்?

பொறுமைசாலி:

அரளியை இப்போதே தனியாக எடுத்து அப்புறப்படுத்துங்கள்! இலை, கிளை, பூ அனைத்தும் நஞ்சு. அதன் புகையும் ஆகாது. கிளைகள் கலந்துகிடந்து எது எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தக் குவியலிலிருந்து ஒரு குச்சியும் எடுக்க வேண்டாம்.

கொய்யா, மா இரண்டும் நன்றாக உலர்ந்திருந்தால் போடலாம். பழ மரங்கள் பொதுவாக மென்மையான புகை தரும். ஆப்பிள், செர்ரி, பீச் எல்லாம் இந்த வகை. ஹிக்கரி, மெஸ்கீட் போன்றவை இறைச்சிக்கு ஏற்றவை, பேரிக்காயின் மென்மணத்தை அமுக்கிவிடும். பைன் போன்ற பிசின் மரங்கள் புகைக்கரியும் கசப்பும் தரும். பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, பூச்சிமருந்தேற்றிய மரம், பழைய வேலிக்கட்டை எதுவும் உணவுக்கு அருகில் வரக் கூடாது. சில பழைய வெளிப்புறக் கட்டைகளில் ஆர்சனிக் கலந்த பாதுகாப்பு மருந்து ஏற்றப்பட்டிருக்கும். அதை எரிப்பதே தவறு. பச்சைக் கிளையும் வேண்டாம், பூசணம் பூத்ததும் வேண்டாம்.

புதிய கரி:

மழை வந்தால் கிரில்லை உள்ளே நகர்த்தி, சன்னலைத் திறந்துவைத்துச் செய்யலாமா? சிறிய கிரில்தான்.

பொறுமைசாலி:

கூடவே கூடாது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சன்னல் திறந்திருந்தாலும், கிரில் சிறியதானாலும், தணல் அடங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் ஆபத்து அப்படியே இருக்கும். கார் நிறுத்தும் கூடத்திலும் வேண்டாம். மழை வந்தால் மூடியைப் போட்டுவிட்டு, பழத்தை அடுப்பில் வாணலியில் வதக்கிச் சாப்பிடுங்கள். புகையில்லாத பேரிக்காயும் பேரிக்காய்தான்.

ஏலக்காய்:

இழை மிகவும் கனமாகிவிட்டது. வாழைப்பழம் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்குத் தெரிந்து இதைவிட எளிய இனிப்பு இல்லை. தோலோடு நீளவாக்கில் பிளந்து, வெட்டிய முகத்தில் துளி வெண்ணெயும் ஏலப்பொடியும். தோலே பாத்திரம். புகைப் பக்கத்தில் பதினைந்து நிமிடம், கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டியதுதான். தோலில் புள்ளி விழத் தொடங்கிய பழம் வேண்டும், கறுத்துத் தொய்ந்தது குழைந்துவிடும்.

தர்பூசணியைப் புகையூட்டலாம் என்று ஒருவர் எழுதியதைப் படித்தேன். முக்கால் பங்குக்குமேல் நீர். செய்துவிட்டு நேர்மையாகச் சொல்லுங்கள், அது இனிப்பா, தண்டனையா?

தணல்காரன்:

தண்டனை.

வாழைப்பழம் சரி. தேனை மட்டும் முதலிலேயே தடவாதீர்கள், பலர் செய்கிறார்கள். தேனில் பிரக்டோஸ் அதிகம். வெள்ளைச் சர்க்கரையைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே அது நிறம் மாறத் தொடங்கிவிடும். நாற்பது நிமிடம் தாங்காது. இறக்கிய பிறகு ஊற்றிக்கொள்ளுங்கள்.

ரசாயனப் பித்தன்:

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விருந்தில் இருந்தால் தேன் அறவே வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சூடாக்கினாலும் தரக் கூடாது.

பாத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. எலுமிச்சையும் அன்னாசியும் புளிப்பானவை. அலுமினியத் தட்டிலோ தாளிலோ நெடுநேரம் வைத்தால் உலோகச் சுவை ஏறும். முதலில் சொன்ன எவர்சில்வர் தட்டே நல்லது, பீங்கானும் வெப்பம் தாங்குவதானால் சரி. நன்கு பழகிய வார்ப்பிரும்பு வாணலி சிறிது நேரத்துக்குத் தாங்கும், ஆனால் பாகை அதிலேயே இரவு முழுவதும் விட்டுவிடாதீர்கள்.

கிரீமுக்குப் புகையூட்ட விரும்புகிறவர்களுக்கு: கிரீம் தட்டைப் பனிக்கட்டி நிரப்பிய பெரிய தட்டின்மேல் வையுங்கள். தணல் குறைவாக இருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் எடுத்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் சில மணி நேரம் வைத்தால் முதலில் இருக்கும் காரப்புகை தணிந்து மென்மையாகும். பிறகு அடித்துக்கொள்ளுங்கள். சூடாகிவிட்ட கிரீம் அடித்தாலும் பொங்காது. வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடந்த பால்பொருள் உடலுக்கும் நல்லதல்ல.

மாலைச்சமையல்:

விருந்து முடிந்தது. ஏலக்காய் கேட்ட கேள்வி எங்கள் வீட்டுக்கும் பொருந்தியதால் பழத்தை முதலில் செய்து எடுத்துவைத்தேன். உலர்ந்த கொய்யாத் துண்டு ஒன்று, வேறு குவியலிலிருந்து. அரளி அதற்கு முன்பே போய்விட்டது.

தணல்காரனும் பித்தனும் கோபித்துக்கொள்ள வேண்டாம், இருவர் முறையையும் செய்தேன். ஒரு பாதிக்குத் தட்டில் புகை. மறு பாதி தணலில் சுட்டு, மேலே புகையூட்டிய வெண்ணெய், பொடித்த கிராம்பு. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் சாதாரண வனிலா ஐஸ்கிரீம்.

பழத்தில் ஏறிய புகை முதலில் மூக்குக்கு வருகிறது, வாய்க்குள் போனதும் பேரிக்காயின் இனிப்புக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. வெண்ணெயில் ஏறியது முன்னால் தெரியவில்லை, விழுங்கிய பிறகு நிற்கிறது. மேசையில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. என் ஓட்டு பழத்துக்கு. காரணம், தட்டில் தங்கிய அந்தப் பாகு. அதை ஐஸ்கிரீமின்மேல் ஊற்றியபோது பேச்சு நின்றது. ஆனால் கிராம்பு வெண்ணெயை ரொட்டியில் தடவித் தின்றுதீர்த்தவர்களும் உண்டு.

நிமிடக்கணக்கில் ஒரு சிறு திருத்தம்: என் மூடித் தெர்மாமீட்டர் 130 காட்டியபோது தட்டுப் பக்கத்தில் வைத்த தனித் தெர்மாமீட்டர் 110தான் காட்டியது. அதனால் ஐம்பது நிமிடம் ஆயிற்று. கத்தி முனைதான் நம்பகமான அளவு.

ரசாயனப் பித்தன்:

பேச்சு நின்றது என்றால் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். பாதித் தோல்வி. ரொட்டி என் பக்கம்.

தணல்காரன்:

அடுத்த முறை பாகில் பித்தனின் வெண்ணெயை ஒரு கரண்டி கரைத்துப் பாருங்கள். சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனால் நன்றாக இருக்கும்.

புதிய கரி:

மீந்த பழத்தை என்ன செய்வது? எத்தனை நாள் இருக்கும்?

மாலைச்சமையல்:

மூடிய பாத்திரத்தில், குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் புகை இன்னும் அடங்கி, இதமாக இருந்தது. நான் தோலை உரித்து மசித்துக் காலைக் கஞ்சியில் கலந்துவிட்டேன். பிள்ளைகள் யாரும் புகையைக் கண்டுபிடிக்கவில்லை.